உருவம் ஒன்று, தண்ணீர் வேறு

மலேசியாவின் கேமரன் மலையில், திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா நோக்கிப் போகும் சாலையில், மலையை வெட்டிய இடங்களில் மஞ்சளும் செம்மையுமான களிமண் வெறுமையாக நிற்கும். தேயிலையும் காய்கறியும் ஏறாத அந்த மண்சுவரில் ஒரு செடி மட்டும் தாராளமாகப் படர்ந்திருக்கும். முழங்கால் உயரம், மெல்லிய ஊசியிலைகள், கிளைநுனிகளில் தலைகவிழ்ந்து தொங்கும் வெளிர்மஞ்சள் கதிர்கள். பெரும்பாலோர் அதைப் பெரணி என்று நினைத்துக் கடந்துபோவார்கள். பெரணி இல்லை. பெரணிக்கும் ரோஜாவுக்கும் உள்ள உறவு, பெரணிக்கும் இந்தச் செடிக்கும் உள்ள உறவைவிட நெருக்கமானது. இதன் பெயர் லைக்கோபோடியெல்லா செர்னுவா. பூ இல்லை, விதை இல்லை, வித்துத்தூளால் பெருகும். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மற்ற நிலத்தாவரங்களிலிருந்து தனிவழி பிரிந்துபோன லைக்கோபைட்டுகள் என்ற பழங்குடியைச் சேர்ந்தது.

அந்தக் குடியில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்று கிளைகள். லைக்கோபோடியம் வகை, செலாஜினெல்லா வகை, ஐசோயிட்டஸ் வகை. முதல் இரண்டும் கேமரன் மலையில் கண் வைத்து நடப்பவர்களுக்கு எளிதாகவே தட்டுப்படும். மூன்றாவதைத் தண்ணீரில் தேட வேண்டும். அதன் சிற்றினங்களில் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. அவற்றில் ஒன்று வட ஐரோப்பாவின் குளிர்ந்த ஏரிகளில் வாழ்வது. மற்றது நம் முன்னோர் கப்பலேறிய சோழமண்டலக் கரையின் மழைக்குட்டைகளில் வாழ்வது.

ஐசோயிட்டஸை முதலில் பார்ப்பவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். திரிங்காப் தோட்டங்களிலிருந்து கட்டுக்கட்டாய் லாரியேறும் வெங்காயத்தாளை நினைத்துக்கொள்ளுங்கள், தோற்றம் அவ்வளவுதான். அடியில் ஒரு கிழங்கு, அதிலிருந்து மேலே நீளும் குழல் இலைகள், கீழே வேர்கள். தண்டு என்று சொல்லும்படி எதுவும் வெளியில் தெரியாது. வயலோரத்தில் இருந்தால் கோரை என்று களையெடுப்பவர் பிடுங்கிப் போட்டுவிடுவார். தாவரவியல் படித்தவர்கள்கூடப் பலமுறை புல் என்று தாண்டிப் போயிருக்கிறார்கள்.

ஆனால் ஓர் இலையை அடியோடு உரித்துப் பார்த்தால் கதை மாறும். இலையின் குறுக்கே வெட்டினால் நான்கு காற்றறைகள் நீளவாட்டில் ஓடும். ஆங்காங்கே குறுக்குச் சுவர்கள் தடுக்கும். இலையின் அடிப்பகுதி கரண்டிபோல விரிந்து வெளுத்திருக்கும். அதன் உட்புறக் குழியில் ஒரு பை. அதுதான் வித்தகம். இன்று உயிரோடிருக்கும் கலன்தாவரங்களில் இவ்வளவு பெரிய வித்தகம் வேறு எதற்கும் இல்லை. பைக்கு மேலே நாக்கு வடிவில் ஒரு சின்னச் சவ்வு நீட்டிக்கொண்டிருக்கும். வெளி அடுக்கு இலைகளின் பைகளில் பெருவித்துகள். ஒரு பைக்குச் சில பத்துகளிலிருந்து சில நூறு வரை. உள் அடுக்கு இலைகளின் பைகளில் நுண்வித்துகள். ஒரே பையில் லட்சக்கணக்கில். பெருவித்திலிருந்து பெண், நுண்வித்திலிருந்து ஆண். ஆண் உயிரணு பல கசையிழைகளை அடித்துக்கொண்டு தண்ணீரில் நீந்திப் போய்த்தான் கருவுறுதல் நடக்கும். தண்ணீர் இல்லாமல் இந்தச் செடிக்குக் குடும்பம் இல்லை.

வேரையும் விட்டுவிடக் கூடாது. ஐசோயிட்டஸ் வேரைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். நீர் கடத்தும் ஒரே ஒரு நரம்பு நடுவில் இல்லாமல் ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இதே அமைப்பு 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்டிக்மேரியா என்னும் புதைபடிவ வேர்களிலும் இருக்கிறது. அந்த வேர்களுக்குச் சொந்தக்காரர்கள் லெப்பிடோடெண்ட்ரான் முதலான மரங்கள். 30 மீட்டருக்கு மேல் வளர்ந்த, சதுப்புக்காடாய் நின்ற லைக்கோபைட்டுகள். இங்கிலாந்தின் நிலக்கரியிலும் அமெரிக்காவின் அப்பலாச்சிய நிலக்கரியிலும் பெரும்பங்கு அவற்றின் உடல். 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பழைய கண்ணாடித் தகடுகளில் இருந்த ஸ்டிக்மேரியா வேர்களை மறுபடி ஆராய்ந்து, அவை இன்றைய ஐசோயிட்டஸ் வேர்களைப் போலவே இரண்டிரண்டாகக் கிளைத்துக்கொண்டே போனவை என்று காட்டினார்கள். மரங்கள் போய்விட்டன, அந்த வேர்க்கட்டு மட்டும் கைப்பிடியளவுச் செடியில் தங்கியிருக்கிறது.

நிலக்கரி என்றதும் மலேசிய வாசகருக்குப் பத்து ஆராங் சுரங்கம் நினைவுக்கு வரும். கேமரன் மலையில் 1929-ல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜே. ஏ. ரஸ்ஸல்தான் சிலாங்கூரின் அந்தச் சுரங்கத்தையும் நடத்தியவர். ஆனால் பத்து ஆராங் நிலக்கரியில் லெப்பிடோடெண்ட்ரானைத் தேட வேண்டாம். அது பூக்கும் தாவரங்கள் உலகை நிறைத்த பிறகு உருவானது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் அப்படித்தான்.

இனி நம் இரண்டு செடிகள். முதலாவது ஐசோயிட்டஸ் லாகஸ்ட்ரிஸ். 1753-ல் கார்ல் லின்னேயஸ் பெயரிட்டது. ஸ்வீடன்காரருக்கு அது ஊர் ஏரியின் செடி. இரண்டாவது ஐசோயிட்டஸ் கோரமண்டலினா. அதற்குப் பெயரிட்டவர் அவருடைய மகன், அதே பெயர் தாங்கிய இளைய லின்னேயஸ். தந்தை 1778-ல் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளோடு உலகெங்குமிருந்து மாணவர்கள் அனுப்பிய செடிகளையும் சேர்த்து ஒரு துணைநூல் வெளியிட்டார். அதன் முகப்பில் 1781 என்றிருக்கும். உண்மையில் கடைக்கு வந்தது 1782-ல். மறு ஆண்டே அவரும் போய்விட்டார்.

சோழமண்டலச் செடியை அனுப்பியவர் யோஹன் கெர்ஹார்ட் கேனிக். லின்னேயஸிடம் படித்த மருத்துவர். 1768-ல் தரங்கம்பாடி வந்து டேனிஷ்காரர்களின் மிஷனில் மருத்துவம் பார்த்தார். மருத்துவத்தைவிடச் செடிகளில்தான் மனம். பிறகு ஆற்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார், அடுத்துக் கிழக்கிந்தியக் கம்பெனியில். கம்பெனி வேலையாக 1779-ல் சயாமுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேறினார். அந்தப் பயண நாட்குறிப்பு இன்றும் மலாயா தாவர வரலாற்றில் முக்கிய ஆவணம். 1785-ல் ஆந்திரக் கரையில் இறந்தார். தரங்கம்பாடி வட்டாரத்துப் பூண்டுகள் பல ஸ்வீடன், டென்மார்க் தாவரக் காப்பகங்களில் இருக்கின்றன என்றால் அதற்கு இவரும் இவரோடு சேர்ந்து செடி சேகரித்த மிஷனரிகளும் காரணம்.

இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தால் உறவு உடனே தெரியும். வித்தியாசம் தெரிய நேரம் பிடிக்கும். லாகஸ்ட்ரிஸின் இலைகள் கரும்பச்சை, விறைப்பு, பெரும்பாலும் ஒரு சாணுக்குள். கோரமண்டலினா பெரிய உருவம். நல்ல ஈரத்தில் இலைகள் அரை மீட்டர் வரை எழும்பும். லாகஸ்ட்ரிஸின் கிழங்கு இரண்டு மடலாகப் பிளந்திருக்கும். கோரமண்டலினாவில் மூன்று மடல். லாகஸ்ட்ரிஸில் வித்தகத்தின் மேல் ஒரு சவ்வு பாதி மூடியபடி இறங்கிவரும்; கோரமண்டலினாவில் அந்த மூடி கிட்டத்தட்ட இல்லை, பை திறந்தே கிடக்கும். லாகஸ்ட்ரிஸ் இலையில் இலைத்துளைகள் கிடையாது, கோரமண்டலினாவில் உண்டு. கோரமண்டலினாவின் இலையோரங்களில் நார்க்கற்றைகள் ஓடும்; லாகஸ்ட்ரிஸுக்கு அவை தேவைப்படவில்லை.

ஏன் தேவைப்படவில்லை என்பதற்கு விடை தண்ணீரில் இருக்கிறது. லாகஸ்ட்ரிஸ் வாழ்வது ஸ்காண்டிநேவியா, ஸ்காட்லாந்து, போலந்தின் வடபகுதி, வட அமெரிக்காவின் வடபாகம் ஆகிய இடங்களிலுள்ள தெளிந்த ஏரிகளின் அடியில். பனியுகப் பனிப்பாறைகள் குடைந்துவிட்டுப் போன ஏரிகள் பல. தண்ணீரில் உப்புச்சத்து மிகக் குறைவு. பாசி வளர வழியில்லாத அளவு ஏழ்மை. ஆண்டு முழுக்க நீர் வற்றாது. செடி சில மீட்டர் ஆழத்தில், ஒருபோதும் காற்றைக் காணாமல், மெல்ல மெல்ல வளர்கிறது. இலைகள் ஆண்டு தாண்டியும் பசுமையாக நிற்கும். நீரே தாங்கிக்கொள்வதால் நார் வேண்டாம்; காற்றே படாததால் இலைத்துளை வேண்டாம்.

கோரமண்டலினாவின் நிலைமை நேர்மாறு. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். வயல் வரப்போரம், பாறைப்பள்ளம், ஏரியின் ஆழமில்லாத ஓரம் எல்லாம் நீர் நிற்கும். அதுவரை காய்ந்து வெடித்த சேற்றுக்குள் கிழங்காக உறங்கிய செடி அப்போது இலைவிடும். முதலில் நீருக்குள், பிறகு நீர் இறங்க இறங்கப் பாதி உடம்பு காற்றில். நிமிர்ந்து நிற்க நார் வேண்டும். காற்றில் மூச்சுவிட இலைத்துளை வேண்டும். தை, மாசி தாண்டிக் குட்டை வற்றுவதற்குள் வித்துப்பைகளை நிரப்பிவிட வேண்டும். சித்திரை வெயிலில் மேலே எதுவும் மிஞ்சாது. இலைகள் மக்கிய இடத்தில் வித்துகள் மண்ணோடு கலந்து கிடக்கும். அடுத்த மழையில் வாத்தின் காலோடோ எருமையின் குளம்போடோ அடுத்த குட்டைக்குப் போகும். இந்தியா, இலங்கை, அதற்கப்பால் வட ஆஸ்திரேலியா வரை இது பரவியிருப்பதற்கு நீர்ப்பறவைகளைக் காரணம் சொல்வதுண்டு. ஆஸ்திரேலியாவில் இருப்பதைத் தனித் துணைச்சிற்றினமாக 1976-ல் பிரித்தார்கள்.

இவ்வளவு வேறான இரண்டு தண்ணீரிலும் ஒரே குடும்பம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்ற கேள்விக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு எதிர்பாராத விடை வந்தது. கலிபோர்னியாவில் நம் மழைக்குட்டைகளைப் போலவே ஒரு பருவம் நிறைந்து மறுபருவம் வற்றும் குளங்கள் உண்டு. அங்கே வளரும் ஐசோயிட்டஸ் ஹாவெல்லியை ஆராய்ந்த ஜான் கீலி, 1981-ல் ஒரு வினோதத்தை அறிவித்தார். அந்தச் செடியின் இலையில் இரவில் அமிலம் ஏறுகிறது, பகலில் இறங்குகிறது. கள்ளியும் அன்னாசியும் செய்யும் வேலை அது. பாலைவனத்தில் பகலில் இலைத்துளையைத் திறந்தால் நீர் ஆவியாகிப் போய்விடும் என்பதால், கள்ளி இரவில் கரியமில வாயுவை உள்வாங்கி மாலிக் அமிலமாகக் கட்டி வைத்துக்கொண்டு, பகலில் கதவைச் சாத்திவிட்டு அதைச் செலவழிக்கும். தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் செடிக்கு நீர்ச் சிக்கனம் எதற்கு?

சிக்கனம் நீரில் இல்லை, வாயுவில். ஆழமற்ற குட்டையில் பகலில் பாசியும் பிற நீர்ச்செடிகளும் போட்டிபோட்டு ஒளிச்சேர்க்கை செய்வதால், சூரியன் ஏறிய சில மணி நேரத்திலேயே கரைந்திருந்த கரியமில வாயு தீர்ந்துவிடுகிறது. நீரில் வாயுக்கள் பரவும் வேகமும் காற்றில் பரவுவதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. ஆகவே மேலிருந்து உடனே ஈடாகாது. இரவில் குட்டையிலுள்ள எல்லா உயிர்களும் மூச்சுவிடுவதால் வாயு மறுபடி சேர்கிறது. மற்றவை உறங்கும் அந்த நேரத்தில் ஐசோயிட்டஸ் கடை திறக்கிறது. குட்டை வற்றி இலைகள் காற்றில் நிமிர்ந்ததும் ஹாவெல்லி இந்த இரவுவேலையை விட்டுவிடுகிறது. வெளியே வாயு தாராளமாகக் கிடைக்கும்போது எதற்கு வீண் உழைப்பு?

லாகஸ்ட்ரிஸும் இரவில் அமிலம் சேர்க்கிறது. ஆனால் அதன் முக்கிய வழி வேறு. ஏரி நீரில் வாயு எப்போதுமே குறைவு. அடிச்சேற்றிலோ மக்கும் பொருட்களால் வாயு மிகுதி. ஆகவே இது வேர் வழியாகக் கரியமில வாயுவை உறிஞ்சி, இலையின் காற்றறைகள் வழியே மேலேற்றி ஒளிச்சேர்க்கை செய்கிறது. உண்டான ஆக்சிஜனில் பெரும்பங்கை அதே வழியில் கீழே இறக்கி வேரிலிருந்து சேற்றுக்குள் விடுகிறது. இலையால் மூச்சுவிடுவது செடிகளின் பொது வழக்கம். இது வேரால் விடுகிறது. இந்த வழக்கத்தை எல்லைக்கே கொண்டுபோன உறவினர் பெருவின் ஆண்டிஸ் மலையில் 4,000 மீட்டருக்கு மேல் வாழும் ஐசோயிட்டஸ் ஆண்டிகோலா. அது நிலத்தில் வளர்ந்தும் இலைத்துளை இல்லை. வேர் உறிஞ்சும் வாயுதான் உணவு. 1984-ல் இது வெளியானபோது தாவர உடலியலாளர்கள் வியந்தார்கள்.

2021-ல் தைவானின் ஐசோயிட்டஸ் தைவானென்சிஸ் செடியின் மரபணுத்தொகுதி முழுதாகப் படிக்கப்பட்டது. கள்ளி, அன்னாசி ஆகியவற்றின் இரவுவேலையும் இதுவும் விளைவில் ஒன்று. ஆனால் மரபணுக்கள் விழித்துச் செயல்படும் நேர அட்டவணை ஒன்றாக இல்லை. வாயுவைப் பிடித்துக் கட்டும் முதல் நொதியிலும் பிற தாவரங்கள் இந்த வேலைக்குப் பெரிதாகப் பயன்படுத்தாத ஒரு வடிவத்தை இது துணைக்கு வைத்திருக்கிறது. ஒரே தீர்வைப் பரிணாமம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை, வெவ்வேறு விதமாகக் கண்டுபிடித்திருக்கிறது.

இனிச் சிக்கலான பகுதி. லாகஸ்ட்ரிஸையும் கோரமண்டலினாவையும் பிரித்தறிய நிதானமாகப் பார்த்தால் போதும். ஆனால் ஒரே ஏரியில் வளரும் இரண்டு ஐசோயிட்டஸ் சிற்றினங்களை எப்படிப் பிரிப்பது? லின்னேயஸுக்குப் பிறகு நூறு ஆண்டுக்கும் மேலாக ஐரோப்பியர்கள் தங்கள் வடக்கு ஏரிகளில் இருப்பது லாகஸ்ட்ரிஸ் ஒன்றுதான் என்றே நினைத்தார்கள். 1861-ல் துரியூ என்ற பிரெஞ்சுக்காரர் அதனுள் இன்னொரு செடி ஒளிந்திருப்பதைக் கண்டு ஐசோயிட்டஸ் எகினோஸ்போரா என்று பெயரிட்டார். கண்டது இலையில் இல்லை, பெருவித்தில்.

பெருவித்தைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஈரமாக இருக்கும்போது அது சாம்பல்நிறத் துகள், மேற்பரப்பு மங்கிவிடும். வெளியிலையின் பையைக் கிழித்து வித்துகளைக் கறுப்புத் தாளில் கொட்டி நிழலில் உலரவிட வேண்டும். உலர்ந்ததும் சுண்ணாம்பு வெள்ளையாகும். ஒவ்வொன்றும் சுமார் அரை மில்லிமீட்டர் குறுக்களவு. பத்து மடங்கு பெருக்கும் சாதாரணக் கைலென்ஸ் போதும். ஒரு முகத்தில் மூன்று வரம்புகள் ஒரு புள்ளியில் கூடும். மீதிப் பரப்பில்தான் சிற்றினத்தின் கையெழுத்து: லாகஸ்ட்ரிஸில் வளைந்து நெளியும் முகடுகள், எகினோஸ்போராவில் கூரிய முட்கள், கோரமண்டலினாவில் உருண்டையான கொப்புளங்கள்.

இந்த அடையாளங்களை அடிப்படையாக வைத்து உலகின் ஐசோயிட்டஸ்களை வகைப்படுத்தியவர் அமெரிக்கர் நார்மா ஃபைஃபர். அவருடைய பெருநூல் 1922-ல் வந்தது. (இவரேதான் 1912-ல் சிகாகோ அருகே புல்வெளியில் திஸ்மியா அமெரிக்கானா என்ற பச்சையமே இல்லாத விசித்திரப் பூச்செடியைக் கண்டவர். சில ஆண்டுகளில் அது மறைந்துபோனது, இன்றுவரை யாரும் திரும்பக் காணவில்லை. திஸ்மியாவின் மற்ற உறவினங்கள் மலேசியக் காடுகளில் இருக்கின்றன.) கொப்புளம், முள், முகடு, வலை என்று அவர் நான்கு கூட்டமாகப் பிரித்தார். எண்பது ஆண்டுகள் கழித்து டி.என்.ஏ. ஒப்பீடுகள் வந்தபோது, ஒரே அலங்காரமுள்ளவை எல்லாம் ஒரே கிளை இல்லை என்று தெரிந்தது. முள்ளும் முகடும் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியிருக்கின்றன. பெருவித்து ஆளை அடையாளம் காட்டும், வம்சத்தைக் காட்டாது.

லாகஸ்ட்ரிஸ், எகினோஸ்போரா இரண்டுக்கும் இடையிலான உண்மையான பள்ளத்தாக்கு குரோமோசோம்களில் இருக்கிறது. ஐசோயிட்டஸின் அடிப்படை எண் 11. எகினோஸ்போராவில் 22, அதாவது சாதாரண இரட்டைத் தொகுதி. லாகஸ்ட்ரிஸில் 110; பத்துத் தொகுதி. வெளித்தோற்றம் ஒன்றாக இருக்க, உள்ளே ஐந்து மடங்கு! வட அமெரிக்காவில் இரண்டும் கலந்து பிறந்த கலப்பினத்தில் 66 என்று எண்ணியிருக்கிறார்கள்: எகினோஸ்போரா தந்த 11, லாகஸ்ட்ரிஸ் தந்த 55. கணக்குச் சரியாக வருகிறது.

இந்த இரண்டின் விதி எப்படிப் பிரிந்தது, எப்படிச் சேர்ந்தது என்பதைச் செக் நாட்டின் ஷுமாவா மலையிலுள்ள இரண்டு பனியுக ஏரிகளில் பார்க்கலாம். செர்னே ஏரியில் லாகஸ்ட்ரிஸ், ப்லெஷ்னே ஏரியில் எகினோஸ்போரா. நாடு முழுக்க இவற்றுக்கு இருக்கும் இடம் அவ்வளவே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மத்திய ஐரோப்பாவின் அனல்மின் நிலையப் புகை அமில மழையாக இறங்கியது. இரண்டு ஏரிகளும் புளித்தன. புளித்த நீர் சுற்றியுள்ள மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துக் கொண்டுவந்தது. முதிர்ந்த செடிகள் பல்லாண்டு தாக்குப்பிடித்தன, ஆனால் அவற்றின் நடுவே குஞ்சுச்செடிகள் காணப்படவில்லை. எகினோஸ்போராவின் வித்துகளை ஆய்வகத்தில் முளைக்கவைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அலுமினியமும் அமிலமும் இளவேரைத்தான் முதலில் முடக்குகின்றன. 1980-களின் இறுதியிலிருந்து கந்தகப் புகை குறைந்தது. ஏரி நீர் மெல்லத் தெளிந்தது. புத்தாயிரத்துக்குப் பிறகு ப்லெஷ்னேயில் இளஞ்செடிகள் மறுபடி தலைகாட்டின.

அலுமினியத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. எகினோஸ்போராவின் குஞ்சைக் கொல்லும் அதே அலுமினியம் தேயிலைச் செடிக்கு ஒரு பொருட்டே இல்லை. புளித்த மண்ணில் வேரூன்றி, அலுமினியத்தை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி அது. சாலையோரக் களிமண்ணில் படரும் லைக்கோபோடியெல்லாவின் குடும்பத்திலும் அலுமினியம் சேர்ப்பவை உண்டு. ஸ்காண்டிநேவியாவில் அவற்றைப் படிகாரத்துக்குப் பதிலாகச் சாயம் பிடிக்கவைக்கப் பயன்படுத்தினார்கள். பழங்குடி ஒன்றானாலும் கிளைகளுக்குள் தாங்குதிறன் இப்படிப் பிரிகிறது.

நம் பக்கம் திரும்பினால் கதை இன்னும் குழப்பம். கோரமண்டலினாவிலேயே 22 குரோமோசோம் உள்ளவையும் 33 உள்ளவையும் இந்தியாவில் பதிவாகியிருக்கின்றன. 33 சமமாகப் பிரியாத எண். வித்து உருவாகும்போது பங்கீடு குளறுபடியாகும். இதற்கிடையே இருபதாம் நூற்றாண்டில் இந்தியத் தாவரவியலாளர்கள் புதிது புதிதாகச் சிற்றினங்களை அறிவித்தார்கள். 1938-ல் மகாபலே சஹ்யாத்ரியை, 1944-ல் எல். என். ராவ் கர்நாடகத்திலிருந்து சம்பத்குமாரனியை, 1945-ல் ஷெண்டே மகாராஷ்டிரத்திலிருந்து தீட்சிதியை, 1962-ல் அலகாபாத்தின் பந்தும் ஸ்ரீவஸ்தவாவும் பஞ்சானனியை. பட்டியல் ஒரு டஜனைத் தாண்டிப் போனது. பிறகு வந்த சிலர் இவற்றில் பல கோரமண்டலினாவின் ஊர்வாரி வேடங்களே என்று ஒதுக்கினார்கள். மற்றவர்கள் ஏற்கவில்லை.

என் தீர்ப்பு இரண்டாவது கட்சியின் பக்கம் சற்றே சாய்கிறது, ஒரு காரணத்தோடு. ஐரோப்பியர்கள் லாகஸ்ட்ரிஸுக்குள் எகினோஸ்போராவைக் காண நூறு ஆண்டு ஆனது. அதுவும் அவர்கள் வீட்டு வாசல் ஏரியில். தக்காணத்தின் மேட்டுநிலப் பாறைக்குட்டைகளில் தனித்தனியே அடைபட்ட கூட்டங்களை, உலர்ந்த மாதிரியை மட்டும் பார்த்துவிட்டு ஒன்று என்று சொல்வது அவசரம். பெருவித்து, குரோமோசோம், டி.என்.ஏ. மூன்றும் ஒரே செடியிலிருந்து எடுத்துப் பார்க்கப்பட்ட பிறகு சொல்லட்டும். அதுவரை பெயர்கள் நிற்பதில் நஷ்டம் இல்லை. ஒரு பெயர் இருந்தால்தான் ஒரு குட்டையைக் காப்பாற்றக் கோரிக்கை எழுத முடியும்.

ஐசோயிட்டஸைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை உயிருள்ள புதைபடிவம் என்று அழைக்காமல் விடுவதில்லை. குடும்பம் பழையது என்பதில் ஐயமில்லை. 25 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகின் உயிர்களில் பெரும்பங்கு அழிந்த பின், வெறிச்சோடிய கரையோரங்களில் முதலில் பரவியவற்றில் ப்ளூரோமியா என்ற அதன் உறவும் ஒன்று. ஆனால் 2020-ல் வந்த ஒரு மரபணு ஆய்வு, இன்று வாழும் ஐசோயிட்டஸ் சிற்றினங்கள் அனைத்தும் டைனோசர்கள் மறைந்த பிறகு, அதாவது கடந்த 6.6 கோடி ஆண்டுகளுக்குள்தான் கிளைவிட்டன என்று கணக்கிட்டது. அதற்குமுன் வந்த கணக்குகள் ஜுராசிக் காலம் வரை பின்னோக்கிப் போயிருந்தன. எந்தக் கணக்கு நின்றாலும், 200-க்கு அருகிலுள்ள இன்றைய சிற்றினங்கள் பழைய மிச்சம் இல்லை. உருவத்தை மாற்றாமல், குரோமோசோமைப் பெருக்கி, மூச்சுவிடும் வழியை மாற்றி, தண்ணீருக்குத் தண்ணீர் புதிதாகப் பிரிந்துகொண்டே வந்தவை.

அந்தத் தண்ணீர்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. லாகஸ்ட்ரிஸின் ஏரிகளில் உரமும் கழிவுநீரும் கலந்தால் நீர் கலங்கிப் பாசி படரும். வெளிச்சம் எட்டாத அடியில் அது வாடிவிடும். மண்ணரிப்பு என்ன செய்யும் என்பதைக் கேமரன் மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரிவுகளிலிருந்து கழுவிவரும் மண் 1963-ல் கட்டிய ரிங்லெட் அணையின் தேக்கத்தில் படிவதை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். கோரமண்டலினாவுக்கு ஆபத்து இன்னும் எளிமையானது. ஆறு மாதம் காய்ந்து கிடக்கும் குட்டையை யாரும் குட்டை என்று கணக்கில் எடுப்பதில்லை. ஒரு லாரி மண் போதும், மனையாகிவிடும்.

ஆகவே தமிழ்நாட்டுக்குப் போகும் வாசகருக்கும், அங்கேயே இருக்கும் வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். மார்கழி, தை மாதங்களில் ஆழமில்லாத மழைக்குட்டை ஓரங்களில், கோரைபோல் தெரியும் குழலிலைக் கொத்துகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். செடியைப் பிடுங்க வேண்டாம். வெளியடுக்கிலிருந்து ஓர் இலையை மட்டும் அடியோடு உரியுங்கள். அடியில் பையும் அதற்குள் வித்துகளும் இருந்தால் அது கோரை இல்லை. அந்த இலையை ஒரு காகித உறையில் உலர்த்தி, இடமும் தேதியும் எழுதி, கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறைக்கோ கொடுங்கள். இடமும் தேதியும் எழுதப்படாத மாதிரியால் எந்தப் பயனும் இல்லை.